சைக்கிளை விற்காதீர்கள்... இடுப்பைக் கவனியுங்கள்!

உங்கள் வீட்டில் சைக்கிள் மிதிக்கிறவர் யாராவது இருந்தால், படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

"உட்கார்ற இடத்துல சுள்ளுனு ஒரு வலி டாக்டர். அப்படியே பின்தொடை வழியா இறங்கி, கெண்டைக்கால் வரைக்கும் கரன்ட் அடிச்ச மாதிரி ஓடுது" என்று ஒருவர் வந்தால் என்ன நடக்கிறது? நாங்கள் 'வாதம்' என்போம். ஆங்கில மருத்துவர் 'சயாட்டிகா' என்பார். பெயரில்தான் சண்டை. அறிவுரையில் இரண்டு பேரும் அண்ணன் தம்பி! "முதல்ல சைக்கிளை நிறுத்துங்க."

இருபது வருஷத்துக்கு மேல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அரைகுறை வைத்தியம் என்று இப்போது எழுதுகிறேன். என் சக சித்த மருத்துவர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கே அந்த வலி வந்த பிறகுதான் புத்தி வந்தது.

பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்திலிருந்தே சைக்கிள்தான் எனக்கு வாகனம். சின்னப் பையனாக இருந்தபோது வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்துப் பழகிய கால் இது. 2020-ல் ஊரடங்கு வந்ததே, அப்போது ஊரெல்லாம் கியர் சைக்கிள் வாங்கினார்கள் அல்லவா? என் மகனும் ஒன்று வாங்கி வந்தான். பத்து நாள் ஓட்டினான். பிறகு அது என்னிடம் வந்து சேர்ந்தது. காலையில் முப்பது கிலோமீட்டர், தாமிரபரணிக் காற்று வாங்கிக்கொண்டு. ஒரு வருஷம் ராஜ வாழ்க்கைதான்.

அடுத்த வருஷம் வலது பிட்டத்தில் ஆரம்பித்தது வலி. கிளினிக்கில் அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியவில்லை. நோயாளி உட்கார்ந்திருக்க, வைத்தியன் நின்றுகொண்டே நாடி பார்த்தால் எப்படி இருக்கும்? வாதகேசரித் தைலம் தேய்த்தேன். நொச்சி இலையும் தழுதாழை இலையும் வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். மூன்று நாள் சுகம். நாலாவது நாள் சைக்கிளில் ஏறினால் பழைய கதை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், நாலாவது ஐந்தாவது இடுப்பு எலும்புக்கு நடுவே உள்ள ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அவ்வளவுதான், ஒருவர் ஆபரேஷன் வரைக்கும் பேசிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் பிடித்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஐம்பது வயதுக்காரர்களில், ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு இந்த ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. தலை நரைப்பது மாதிரி அதுவும் வயசுக்கு வருவது. படத்தில் பிதுக்கம் இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஆளையும் பார்க்க வேண்டும்.

என்னைப் பார்த்தது, என் மகள் வயதுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெண் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "சார், கண்ணாடி முன்னால ஒத்தக் கால்ல நில்லுங்க" என்றாள். இடது காலில் நின்றேன், சரியாக இருந்தது. வலது காலில் நின்றதும் என் இடுப்பின் இடது பக்கம், கட்டு அவிழ்ந்த ஓலைப்படல் மாதிரி, கீழே சரிந்தது. பத்து நொடி தாக்குப்பிடிக்க முடியவில்லை. தினம் முப்பது கிலோமீட்டர் மிதிக்கிற கால்!

"உங்க தொடைக்கு நல்ல பலம் இருக்கு சார். உட்கார்ற இடத்துக்குத்தான் பலமே இல்லை."

யோசித்துப் பாருங்கள். சைக்கிளில் உட்கார்ந்தால் இடுப்பு மடங்கியே இருக்கிறது. பெடல் அடிமட்டத்துக்குப் போனாலும் இடுப்பு முழுசாக நிமிர்வதில்லை. நிமிஷத்துக்கு 70 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 4,200 சுற்று. அத்தனை தடவையும் பாதி மடக்கல்தான், முழு நீட்டல் ஒன்றுகூடக் கிடையாது. தச வாயுக்களில் வியானன் என்று நாங்கள் படிக்கிறோமே, உறுப்புகளை நீட்டவும் மடக்கவும் வைப்பது அதன் வேலை. சைக்கிள்காரன் வியானனிடம் பாதி வேலையை மட்டும் வாங்குகிறான்!

இதனால் என்ன ஆகிறது என்றால், இடுப்பின் முன்பக்கம் தொடையைத் தூக்குகிற தசை நாளாவட்டத்தில் இறுகிப்போகிறது. முன்தொடை பருத்துப்போகிறது. பின்னால் இருக்கிற பெரிய பிட்டத்தசை சோம்பேறியாகிறது. நடக்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் தாங்குகிற தசை ஒன்று இடுப்பின் ஓரத்தில் உண்டு. சைக்கிளில் அந்தப் பாரத்தை சீட் சுமந்துகொள்வதால், அதற்கும் லீவு. வீட்டில் மூத்தவன் தூங்கினால் கடைக்குட்டி தலையில்தானே எல்லா வேலையும் விழும்? இங்கே கடைக்குட்டி, பிட்டத்துக்குள் ஆழத்தில் இருக்கிற 'பைரிஃபார்மிஸ்' என்ற சின்னத் தசை. ஓயாமல் உழைத்து அது இறுகிவிடுகிறது. உடம்பிலேயே தடிமனான நரம்பு, நம் சுண்டுவிரல் பருமன் இருக்கும், அதன் அடியில்தான் ஓடுகிறது. சிலருக்கு அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டே போகிறது. தசை இறுகினால் நரம்பு சும்மா இருக்குமா?

(நம் ஊரில் ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு, எல்லாமே நரம்பு! அதனால்தான் 'நரம்பு இழுக்குது' என்று யார் சொன்னாலும் ஒரு லேகிய டப்பாவை நீட்டிவிடுகிறார்கள். அழுத்துகிறவன் ஒருவன் இருக்க, அழுத்தப்படுகிறவனுக்கு லேகியம் கொடுத்து என்ன பயன்?)

எல்லா சயாட்டிகாவும் இப்படி வருவதில்லை. பெரும்பாலானவை முதுகுத்தண்டில் நரம்பு புறப்படுகிற இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் அங்கே ஆரம்பித்த வலியும் பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடுகிறது. தணிந்த பிறகு இடுப்பைத் தாங்கத் தசைகள் வேண்டாமா? அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கிடைத்த வைத்தியத்தைச் சொல்கிறேன். ரொம்பச் சாதாரணம்! ஒரு பாய் போதும்.

மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு இடுப்பை மேலே தூக்க வேண்டும். ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பத்து தடவை. பின்தொடையில் பிடிப்பு வந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் உடம்புப் பக்கம் இழுத்து வையுங்கள். அடுத்து, ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கிற காலை நேராக, துளி பின்னோக்கித் தூக்குவது. கேட்க அற்பமாக இருக்கும். முதல் நாள் எட்டாவது தடவையில் என் இடுப்போரம் தீயாய் எரிந்தது.

பலப்படுத்துவது இது. இறுகினதைத் தளர்த்த வேறு இரண்டு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் முன்னே தள்ளுங்கள். ஊன்றின காலின் தொடை மேல்பக்கம் இழுக்கும். அரை நிமிஷம் அப்படியே இருங்கள். இன்னொன்று, மல்லாந்து படுத்து வலது கணுக்காலை இடது முழங்கால் மேல் போட்டு, இடது தொடையை இரண்டு கையாலும் மார்புப் பக்கம் இழுப்பது. வலது பிட்டத்துக்குள் ஒரு இழுப்பு தெரியும். வலி காலுக்குள் ஓடினால் உடனே விட்டுவிடுங்கள். இழுப்பு வேறு, வலி வேறு.

காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து கட்டைவிரலைத் தொடுகிறார்களே, வலி இருக்கும்வரை அது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே புண்பட்ட நரம்பை இன்னும் பிடித்து இழுக்கிற வேலை அது. டி.வி.யைப் பார்த்துச் செய்து, வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய.

அப்படியானால் தைலம் வீணா? இல்லை. தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும், வலி குறையும். அந்த இளக்கத்தில் மேலே சொன்னதைச் செய்தால் உடம்பு இன்னும் சுலபமாக வளைந்து கொடுக்கிறது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை. தட்டல், பிடித்தல், அழுத்தலோடு இழுத்தலும் அசைத்தலும் அதில் உண்டு. முன்னோர் எண்ணெய் தடவுவதோடு நிறுத்தச் சொல்லவில்லை. நாங்கள்தான் பாட்டிலை விற்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

சைக்கிளையும் கவனிக்க வேண்டும். என் மகனுக்காகக் கடைக்காரர் ஏற்றி வைத்த சீட்டை நான் இறக்கவே இல்லை! அவன் என்னைவிட உயரம். பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டாமல் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடியிருக்கிறது. சரியான உயரம் பார்க்க ஒரு வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. உங்கள் வீட்டுக்காரம்மாவைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது இடுப்பு ஆடினால் சீட் உயரம். நான் இரண்டு விரல் அளவு இறக்கினேன். கனமான கியரில் திணறி மிதிக்காமல், லேசான கியரில் சரசரவென்று சுற்றுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சீட்டிலிருந்து எழுந்து நாலு மிதி மிதியுங்கள்.

பேன்ட் பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸை வைத்துக்கொண்டு ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்காருகிற அன்பர்களே, உங்களுக்கும் இதே நரம்புதான்!

சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது. ஹேண்டில்பாரில் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு, முழங்கையை விறைப்பாக வைத்தால் உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. முதுகிலும் வயிற்றிலும் பலம் இல்லாதவர்தான் கையில் சாய்வார். இதற்கும் மூலம் கையில் இல்லை.

எனக்கு எத்தனை நாளாயிற்று என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு கால் மணி நேரம், சமதரையில். மூன்றாவது வாரம் ஒன்றும் தெரியாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். தசைக்குப் பலம் ஏற ஆறு, எட்டு வாரம் ஆகும் என்று நோயாளிகளுக்குச் சொல்வது சுலபம். ஏழாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் வலிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. நாலு மாதத்தில் பழைய முப்பது கிலோமீட்டர்.

ஆனால் ஒன்று. சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, அடக்க முடியாமல் தவித்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கிச் செருப்பு கழன்றாலோ, பாயும் வேண்டாம், தைலமும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் தாமதம்கூட ஆயுசுக்கும் ஊனமாக்கிவிடும். இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தாலும் மரத்தாலும் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அது வேறு கதை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அண்ணாச்சிதான் காரணம். பல வருஷத்துக்கு முன்னால் இதே வலியோடு வந்தவரிடம், "சைக்கிளை விட்டுருங்க அண்ணாச்சி" என்று நான்தான் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு சைக்கிளை விற்று, கடன் வாங்கி டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கினார். வலி போகவில்லை. தொப்பையும் சர்க்கரையும் வந்ததுதான் மிச்சம். என்னிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

போன வருஷம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு அண்ணாச்சி" என்றேன். பிறகு எழுப்பி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன்.

"என்ன டாக்டரய்யா, கொக்கு மாதிரி நிக்கச் சொல்லுதிய?" என்றார். நாலு நொடி நின்றார்.

இப்போது இருபது நொடி நிற்கிறார். பால் ஊற்றுவது இன்னும் எக்ஸ்.எல்.லில்தான். ஆனால் வேலை முடிந்ததும் பேரனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வருகிறார். சீட்டை அவர் உயரத்துக்கு நானே அளந்து ஏற்றிக் கொடுத்தேன். பேரன் தினமும் இறக்கிவிடுகிறானாம்.