பழைய கார் வாங்கலாம், பழுதை மறைக்கலாகாது



என் தங்கையின் மகன் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவன், ஜும்ஆ முடிந்து கொமரலிங்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “மாமா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்குவது மார்க்கத்தில் கூடுமா?” என்று கேட்டான்.

அதற்குள் வீட்டில் ஒரு சிறு போரே நடந்திருந்தது. வீண்விரயம் என்றார் அவன் அத்தா. விபத்தை எண்ணி அழுதாள் என் தங்கை. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்கூட்டரிலும் ஆட்டோமேட்டிக் காரிலும் பழகியவனுக்குக் கையால் கியர் மாற்றி ஓட்டவே தெரியாது. அவன் விரும்பியதோ, 2000களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி வீடெக், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்று, கியரைக் கையால் மாற்றி ஓட்டுவதிலேயே இன்பம் காணும் இளைஞர்கள் இன்றும் தேடி அலையும் வகையைச் சேர்ந்த ஒரு கார்.

அவனுக்கு நான் சொன்ன பதிலையும், சொல்லத் தயங்கிப் பின்னர் சொன்ன ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி இன்று எழுகிறது.

முதலில், அழகான வாகனத்தை விரும்புவது குற்றமன்று. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரத்திற்காகவும் படைத்ததாக அல்லாஹ் சூரத்துந் நஹ்லின் 8ஆம் வசனத்தில் கூறுகிறான். பயனோடு அழகையும் சேர்த்தே அவன் குறிப்பிடுகிறான். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரமும் பயிற்சி பெறாதவற்றிற்குக் குறுகிய தூரமும் வகுத்தார்கள். அப்பந்தயத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. வேகத்தை விரும்பும் இளைஞனைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதே புகாரியில் அள்பா என்னும் ஒட்டகத்தின் செய்தியும் உண்டு. நபியவர்களின் அந்த ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். எவ்வளவு விரைவான வாகனமானாலும் அதை முந்த இன்னொன்று பின்னால் வந்துகொண்டுதான் இருக்கும்.

ராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்று பொருள் கூறுவர். குதிரையோடு வாழ்ந்த முன்னோரின் பெயரைத் தாங்கிய நமக்குக் குதிரையைப் பற்றிய இன்னொரு நபிமொழி மிக நெருக்கமானது. குதிரை மூவகை என்கிறது அது. ஒருவருக்கு அது நற்கூலி. அல்லாஹ்வின் பாதைக்காக அதை வளர்க்கிறார். மற்றொருவருக்கு அது திரை. பிறரிடம் கையேந்தாமல் வாழ அதை வைத்திருக்கிறார், அதில் அல்லாஹ்வுக்குரிய கடமையையும் மறப்பதில்லை. மூன்றாமவருக்கு அது பாவச்சுமை. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் பகைமைக்காகவும் அதைக் கட்டி வைத்திருக்கிறார். குதிரை ஒன்றே. ஏறுபவனின் உள்ளமே அதைக் கூலியாகவோ சுமையாகவோ ஆக்குகிறது.

ஆகவே மருமகனிடம் மூன்றே கேள்விகள் கேட்டேன். பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே ஓட்டப் போகிறாய்? வாங்கும்போதும் விற்கும்போதும் உண்மை பேசுவாயா?

பணத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. வட்டிக் கடனில் வரும் காருக்கு நான் துணை நிற்க மாட்டேன் என்றேன். இத்தகைய பழைய கார்களின் விலை குறைவாகத் தெரியும். பராமரிப்புச் செலவு குறையாது. உதிரிபாகம் கிடைப்பது அரிது, டயரும் விலை கூடியது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவை அனைத்தையும் தாங்கிய பிறகும் ஜகாத்தும் பெற்றோரின் தேவையும் குறைவின்றி நிறைவேறுமானால் அதை இஸ்ராஃப் என்று நான் கூற மாட்டேன்.

ஓட்டும் இடத்தைப் பொறுத்தவரை, வேகத்திற்கென்று இடங்கள் உண்டு. நம் அண்டை நகரான கோவையில் செட்டிபாளையம் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவில் பந்தயக் கார்களை வடிவமைத்து, 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கியது அது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரரே. பந்தயத் தடத்தில் எதிரே வரும் வண்டி இல்லை. தலைக்கவசமும் மருத்துவ வாகனமும் உண்டு. நம் சாலைகளிலோ பள்ளிப் பிள்ளைகளும் நெல் ஏற்றிய டிராக்டர்களும் இரவுப் பணி முடிந்து திரும்பும் பனியன் கம்பெனி வண்டிகளும் செல்கின்றன. அங்கே வேகம் காட்டுவது பிறர் உயிரைப் பணயம் வைக்கும் சூதாட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்பிள்ளை குற்றம் இழைத்தால் பாதுகாவலருக்கும் வாகன உரிமையாளருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது என் குரல் தழைந்தது. அதன் காரணத்தை மருமகனுக்குக் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில்தான் சொல்ல முடிந்தது.

என் பழைய காரில் அவனுக்குப் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் பத்து முறை வண்டி நின்றுபோயிற்று. கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் உள்ள தொடர்பு அறுகிறது. மெல்ல விடும்போது ஓரிடத்தில் வண்டி லேசாக நடுங்கி முன்னகர முயல்கிறது. அந்த ஹாஃப் கிளட்சைக் கண்ணால் பார்க்க இயலாது; பாதம் உணர வேண்டும், செவி கேட்க வேண்டும். அவசரப்பட்டால் வண்டி நின்றுவிடும். தேவையில்லாமல் கால் வைத்துக்கொண்டே ஓட்டினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும். இரண்டு வாரத்தில் எஞ்சினின் ஒலியைக் கேட்டே கியர் மாற்றப் பழகினான்.

பின்னர் உடுமலையிலிருந்து ஒன்பதாறு சோதனைச் சாவடி கடந்து சின்னாறு வழியாக மறையூர் வரை அழைத்துச் சென்றேன். மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் பற்றும் வேளையில் அதை விடுவித்துக் கிளம்பக் கற்றான். இறக்கத்தில் நியூட்ரலில் விடலாகாது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், அப்போதுதான் எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறிச் செயலிழக்காது என்பதையும் கற்றான். அந்த மலைச்சாலையின் ஓர் ஏற்றத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு சிறிய கார் இருந்தது. நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், வேகமோ கூடாது. கிளட்ச் பிளேட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று மெக்கானிக் கூறினார். செலவு செய்வதற்கு முன் விற்றுவிடலாம் என்று எண்ணினேன். பக்கத்து ஊரைச் சேர்ந்த தையல்காரர் ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்தார். ஓட்டிப் பார்க்க அவரை நான் அழைத்துச் சென்றது கொழுமம் செல்லும் சாலைக்கு. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த சமதளம் அது. அங்கே மெதுவாக ஓட்டினால் கிளட்சின் குறை தெரியாது. தெரியாது என்பதனாலேயே அந்தச் சாலையைத் தேர்ந்தேன்.

“கோளாறு ஏதாவது இருக்குதா பாய்?” என்று கேட்டார். “நீங்களே ஓட்டிப் பாருங்கள்” என்றேன். அந்தச் சொற்களில் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் தம் தாயையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மறையூருக்குக் கிளம்பினார். சின்னாறு தாண்டிய ஏற்றத்தில் வண்டி நகர மறுத்துவிட்டது. யானை நடமாடும் காடு, பொழுதும் சாய்ந்துவிட்டது. இருட்டிய பிறகு வந்த ஒரு ஜீப்தான் அவர்களை மீட்டது. அடுத்த வாரம் என்னிடம் வந்தவர் சண்டையிடவில்லை. “பழைய வண்டின்னா இப்படித்தானே பாய், நல்ல மெக்கானிக் யாராவது சொல்லுங்க” என்றார். உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பழுது நீக்கிய செலவை நானே கொடுத்தேன். ஆனால் அந்த இருட்டில் பிள்ளைகள் நடுங்கிய நடுக்கத்திற்கு எதை ஈடாகக் கொடுப்பது?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த நிகழ்வு முஸ்லிமில் உள்ளது. நான் தேர்ந்த சமதளச் சாலை, அந்த ஈரத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியம்தான். பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி, அதிகம் கறக்கும் கால்நடை என்று காட்டி விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்த பின் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்று உரிமையும் அளித்தார்கள். இன்று மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்து விற்பது அந்த மடியைக் கட்டும் வேலையே.

இது நம் மண்ணுக்குப் புதிதுமன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்கடந்து வந்த குதிரைகள் இங்கே பராமரிப்பின்றி மடிந்ததையும், மறுபடியும் விற்கலாம் என்பதற்காகக் குதிரை வைத்தியர்களை வணிகர்கள் இங்கு வரவிடாததையும் எழுதியிருக்கிறார். வாங்குபவரின் அறியாமையை முதலாக்கும் வணிகத்தில் லாபம் வரலாம், பரக்கத் வராது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் அளிக்கப்படும் என்பதும், மறைத்துப் பொய் சொன்னால் அது துடைக்கப்படும் என்பதும் நபிமொழி. “உள்ளது உள்ளபடி” என்று விற்கும் ஒப்பந்தத்தின் சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைத்து ஏமாற்றுவது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

வாகனத்தை விற்றபின் பெயர் மாற்றத்தில் காட்டும் அலட்சியமும் அமானத்தில் செய்யும் குறைவே. மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆர்.சி. யார் பெயரில் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி நிறுவனக் கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யையும் கேட்டு வாங்க வேண்டும்.

மருமகன் நான் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவன் பார்த்து வைத்திருந்த காரை நாங்கள் மெக்கானிக்குடன் சென்று சோதித்தோம். மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டியது. பெடல்களின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விற்பவர் இசையவில்லை. அவன் சலாம் கூறிவிட்டுத் திரும்பிவிட்டான்.

அடுத்த மாதம் தன் ஆட்டோமேட்டிக் காரை விற்றான். அதன் குறைகள் நான்கையும் ஒரு தாளில் எழுதி, விலை பேசுவதற்கு முன்பே வாங்க வந்தவரிடம் கொடுத்தான். பேச்சில் முப்பதாயிரம் ரூபாய் இறங்கியது. அவன் அத்தா வருந்தினார். எனக்கோ பன்னிரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த பாரம் சற்றே குறைந்தது. தான் விரும்பிய காரை அவன் இன்னும் வாங்கவில்லை. வட்டியில்லாமல் சேமித்து வருகிறான். இன்ஷா அல்லாஹ், வாங்குவான்.

குதிரைகளைப் பற்றிய அந்த நபிமொழியின் இறுதியில், கழுதைகளின் நிலை என்ன என்று கேட்கப்பட்டது. அவற்றைப் பற்றித் தனியாக எதுவும் தமக்கு அருளப்படவில்லை என்று கூறிய நபியவர்கள், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கண்முன் வரும் என்னும் பொருளுடைய ஜில்ஸால் சூராவின் வசனங்களைச் சுட்டினார்கள். கார்களைப் பற்றி நாம் கேட்டாலும் விடை அதுவே.

யா அல்லாஹ், எங்கள் வாகனங்களைப் பாவச்சுமை ஆக்கிவிடாதே. நாங்கள் அறிந்த குறையைச் சொல்லும் துணிவை எங்கள் நாவுக்குத் தருவாயாக. ஆமீன்.