புத்தகக் கடையும் வங்கி அட்டையும்

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. டொராண்டோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஐந்து நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே தம்முடைய கடன் அட்டையின் 16 இலக்க எண்ணையும், அது காலாவதியாகும் மாதத்தையும், பின்புறத்திலுள்ள 3 இலக்கங்களையும் தட்டச்சு செய்திருந்தார். "தம்பிமார், காசை இதிலே எடுத்துக்கொண்டு புத்தகங்களை அனுப்பிவிடுங்கோ" என்பது கடைசி வரி.

முதலில் மகிழ்ந்தோம். கடல் கடந்த ஒருவர் ஐந்து நூல்களை ஒருசேரக் கேட்பது எங்களைப் போன்ற சிறு பதிப்பகத்துக்கு நாள்தோறும் நடப்பதன்று. மகிழ்ச்சி அடங்கியதும் அச்சம் பிடித்துக்கொண்டது. அந்த எண்களைப் பார்க்க நேர்ந்த எவரும் அவர் கணக்கில் பொருள் வாங்க முயலலாம். மின்னஞ்சலோ எங்கள் நால்வருடைய கைபேசிகளிலும் திறந்து கிடந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து, கடிதத்தை அழித்துவிட்டோம் என்று சொல்லி, அட்டையை உடனே நிறுத்திவிட்டு வேறு அட்டை வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எப்படித்தான் தம்பி காசு அனுப்புறது?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பிழை அவருடையதன்று என்பதை அன்றிரவே ஒப்புக்கொண்டோம். எங்கள் தளத்தில் நூற்பட்டியல் இருந்தது, முகப்பு அட்டைகள் இருந்தன, மதிப்புரைகள் இருந்தன. பணம் செலுத்த வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும், "தொகையைச் செலுத்தி, ரசீதின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பவும்" என்ற வேண்டுகோளும் இருந்தன. தமிழ்ச் சிறு பதிப்பகங்கள் பலவும் இப்படித்தான் விற்கின்றன. இது மணியார்டர் காலத்தின் தொடர்ச்சி என்று பெருமைப்பட்டுக்கொள்வாரும் உளர். ஆனால் மணியார்டரில் ஒரு வசதி இருந்தது. படிவத்தின் அடியில் சில வரிகள் எழுத இடம் உண்டு. சந்தாதாரரின் முகவரியையும், சென்ற இதழைப் பற்றிய திட்டையும் சிறுபத்திரிகை ஆசிரியர்கள் அங்கேதான் படித்தார்கள். வங்கிக் கணக்கில் வந்து விழும் 240 ரூபாயோ யாருடையது, எந்த நூலுக்கானது என்று எதுவும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எங்களில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை.

சிறு பதிப்பகம் தன் கடையில் வங்கி அட்டையை ஏற்பது ஆடம்பரமன்று, கடமை என்பதே எங்கள் கருத்து. நண்பர்கள் சிலர் இதை மறுக்கிறார்கள். அவர்களுடைய வாதங்கள் இரண்டு.

முதலாவது, யுபிஐ இருக்கும்போது அட்டை எதற்கு என்பது. 2016-இல் வந்த யுபிஐ எங்களைப் போன்றோருக்குப் பெரும் உதவி. 2020 ஜனவரி முதல் அதற்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கழிவு பிடிப்பதில்லை. ஆனால் யுபிஐக்கு அடிப்படை இந்திய வங்கிக் கணக்கு. யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் பாரிசிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வாசகரில் பெரும்பாலோருக்கு அது இல்லை. புலம்பெயர்ந்தோர் வாசிக்கவில்லை என்று மேடைகளில் வருந்துகிறோம்; அவர்கள் காசோடு வந்து நின்றால் வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறோமா?

இரண்டாவது, கட்டணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்நாட்டுக் கடன் அட்டைக்குக் கழிவு 2 விழுக்காடு என்று கொண்டால், 200 ரூபாய் நூலுக்கு 4 ரூபாய். அதன்மேல் வரி சேர்ந்தாலும் 5 ரூபாயை எட்டாது. அதே நூலைக் கடையில் வைக்க நாங்கள் தரும் கழிவு 35 விழுக்காடு, அதாவது 70 ரூபாய். விற்பனையாளருக்கு 70 ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, வாசகர் நேரே வந்து வாங்கும்போது 5 ரூபாய்க்குப் புலம்புவதில் என்ன நியாயம்? சொந்த வாசலை அடைத்துவைத்தவர்கள் நாளடைவில் பெரும் இணைய அங்காடிகளின் வாசலில்தான் நிற்க நேரும். அங்கே கழிவையும் விதியையும் நிர்ணயிப்பவர்கள் நாமல்லர். வாங்கியவர் யார் என்பதைக்கூட முழுமையாக அறிய முடியாது. ஐந்நூறு படி அச்சிடும் பதிப்பகத்துக்கு அதன் வாசகர்களின் பட்டியலைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

இந்தக் கட்டணத்தை வாசகர் தலையில் தனியாகக் கட்டுவதும் கூடாது. டெபிட் கார்டுக்கு வணிகர் கூடுதல் தொகை வாங்குவது முறையல்ல என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. பட்டினப்பாலை புகார் வணிகரைப் புகழும்போது அவர்களுடைய செல்வத்தை மட்டுமன்றி நடுவுநிலையையும் புகழ்கிறது. அதை வகுப்பில் நடத்திவிட்டு வந்து, கடைசிப் பக்கத்தில் "சேவைக் கட்டணம்" என்று ஒரு வரியை ஒளித்துவைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. விலை, அஞ்சல் செலவு இரண்டையும் முதலிலேயே காட்டிவிடுவது என்று முடிவுசெய்தோம்.

இனி, செய்த விதம். நால்வரில் ஒருவருக்கும் கணினித் துறை அறிவு இல்லை என்பதால், எங்களைப் போன்றோருக்கு இது பயன்படலாம்.

கடைக்கும் வங்கிகளுக்கும் இடையே நின்று பணத்தை வாங்கிச் சேர்ப்பிக்கும் நிறுவனத்தைப் பேமெண்ட் கேட்வே என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இப்பணியைச் செய்வோருக்கான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்டது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் யாரோடும் ஒப்பந்தம் செய்ய வேண்டாம். பான் எண், வங்கிக் கணக்கின் சான்று, பதிப்பகத்தின் பதிவுச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றைவிட முக்கியமாகக் கடையையே படித்துப் பார்ப்பார்கள். முகவரி, தொலைபேசி எண், விலை, எத்தனை நாளில் அனுப்புவோம், நூல் சேதமடைந்தால் பணத்தை எப்போது திருப்புவோம் என்பதெல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் முதல்முறை திரும்பி வந்தது. தளத்தில் நாங்கள் யார் என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தோம். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒரு வரிகூட இல்லை! பதிப்பாளர்களின் மனநிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்தது எண்ணைத் தட்டச்சு செய்யும் இடம். வாசகரின் அட்டை எண்ணை எங்கள் தளத்தின் படிவத்தில் வாங்காமல், கேட்வேயின் சொந்தப் பக்கத்துக்கே அவரை அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். சற்று அழகு குறைவுதான். ஆனால் அந்த எண் எங்கள் கணினியைத் தொடுவதே இல்லை. எங்களிடம் இல்லாததை எங்களிடமிருந்து எவரும் திருட முடியாது. சட்டமும் இப்பக்கமே நிற்கிறது. வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைப்பது 2022 அக்டோபர் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மாற்றுக் குறியீடு ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே, 2009 ஆகஸ்டிலிருந்து, அட்டையில் அச்சிடப்படாத இன்னொரு சான்றும் இணையவழி வாங்கலுக்குத் தேவை என்ற விதி இருக்கிறது. கைபேசிக்கு வரும் ஓடிபி அப்படி வந்ததுதான்.

வெளிநாட்டு அட்டைகளுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். கட்டணமும் அதிகம், 3 விழுக்காடோ அதற்கு மேலோ ஆகிறது. ஓடிபி விதி வெளிநாட்டில் வழங்கிய அட்டைகளைக் கட்டுப்படுத்தாது. எனவே "இதை நான் வாங்கவில்லை" என்று அட்டைக்காரர் தம் வங்கியிடம் முறையிட்டால், அனுப்பியதற்கான சான்றை நாம் காட்டியாக வேண்டும். அஞ்சல் ரசீதுகளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் எங்களுக்கு இவ்வகையில்தான் வந்தது.

ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். தொடங்கிய முதல் வாரத்தில் மாணவி ஒருவர் பணம் செலுத்தியவுடன் அவருடைய இணைப்பு அறுந்துவிட்டது. கடைக்குத் திரும்பி வரும் பக்கத்தை அவர் பார்க்கவில்லை. எங்கள் கணக்கில் "செலுத்தப்படவில்லை" என்று பதிவாயிற்று. விவரம் தெரியாமல் "பணம் வரவில்லை" என்று அவருக்குக் கடிதம் எழுதினோம். தம் சேமிப்பிலிருந்து நூல் வாங்கிய ஒருவரைப் பொய்யர் என்று சொன்னது போலாயிற்று அது. வாசகரின் திரை திரும்பி வருவதை நம்பிக் கணக்கு எழுதக் கூடாது. பணம் வந்த செய்தியைக் கேட்வேயின் கணினி நேரே கடையின் கணினிக்கு அனுப்பும் ஏற்பாட்டை இயக்கிவைக்க வேண்டும் என்று பிறகு அறிந்தோம். இணைய வாங்கலில் கணக்கிலிருந்து பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமற்போனால், 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு ஆணை. வாசகர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு நூலை அனுப்பினோம்.

கடையைத் திறக்கும் முன் சோதனை எண்களைக்கொண்டு ஒத்திகை பார்க்கலாம். அது போதாது. எங்களில் ஒருவர் தம் சொந்த அட்டையில் ஒரு நூலை வாங்கி, பின்பு அதைத் திருப்பி, பணம் வந்து சேரும்வரை காத்திருந்து பார்ப்பதே சரியான தேர்வு. அந்தக் காத்திருப்பில்தான் வாசகரின் இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று விளங்கிற்று.

இலக்கியம் விற்பவர்களுக்குக் காசு பற்றிப் பேசக் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தை நாங்கள் நெடுநாள் கொள்கை என்று எண்ணியிருந்தோம். பெரும்பாலும் அது சோம்பல்தான். அட்டை எண்ணை நம்பி அனுப்பியவர் எங்கள் மேல் வைத்த மதிப்புக்கு, நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு ஈடாக இல்லை.

டொராண்டோ ஆசிரியர் புது அட்டை வந்ததும் தளத்திலேயே நூல்களை வாங்கினார். அஞ்சல் செலவு நூல்களின் விலையைத் தாண்டிவிட்டதைக் குறிப்பிட்டு, அதற்கும் ஒரு வழி பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறோம். வழி தெரிந்த பதிப்பாள நண்பர்கள் எழுதினால் நன்றியுடையோம்.