தேடினால் கிடைக்கிறதா நம் பள்ளி?



பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. முதலாம் ஆண்டில் சேரும் மாணவர் எண்ணிக்கை குறைகிறதே எனக் கவலைப்படுகிறோம். வீடுவீடாகச் சென்று துண்டறிக்கை கொடுக்கிறோம். ஆனால், இன்றைய இளம் பெற்றோர் அண்டை வீட்டாரைக் கேட்பதற்கு முன்பே கைப்பேசியில் தேடிவிடுகின்றனர். அங்கே நம் பள்ளி அகப்பட வேண்டாமா?

பள்ளிப் பக்கங்கள் பலவற்றில் பள்ளியின் பெயர், முகவரி, பதிவு நாள் யாவும் வண்ணச் சுவரொட்டிப் படத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பார்க்க அழகுதான். படத்திலுள்ள தமிழைத் தேடுபொறி சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

இந்தத் துன்பம் நமக்குப் புதிதன்று. ஒருங்குறியில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இருந்தும் பல்லாண்டுகள் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது குப்பையே. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் முதலான மென்பொருள்கள் ஒருங்குறித் தட்டச்சை எளிதாக்கின. தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இத்தனை பேர் உழைத்துத் தேடத்தக்கதாக்கிய எழுத்தை மீண்டும் படத்துக்குள் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

'கூகுளில் முதலிடம் பெற்றுத் தருகிறோம்' என்று வருவோரிடம் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தைக் கொடுக்க வேண்டா என்பது என் கருத்து. பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சொற்பட்டியலைத் திணிப்பது பழைய தந்திரம். அப்பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

நாமே செய்யக்கூடியது எளிது. பக்கத் தலைப்பில் 'முகப்பு' என்று மட்டும் போடாமல், பள்ளியின் முழுப்பெயரையும் ஊரையும் எழுதுங்கள். 'இராமகிருஷ்ணா' என்று நாம் எழுதுவதை 'ராமகிருஷ்ணா' என்று தேடுவோர் உண்டு. இரண்டு வடிவமும் எங்காவது இடம்பெறட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோரும் தம் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியைத் தேடுகின்றனர். ஆகவே, உரோமன் எழுத்தில் மலாய்ப் பெயரும் வேண்டும். (இதைத் தமிழுக்கு இழுக்கு என்று கருதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.) சுவரொட்டியைப் போடுங்கள், அதிலுள்ள செய்தியைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

அடுத்த பதிவு நாளுக்கு முன், பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒருவரின் கைப்பேசியில் உங்கள் வட்டாரப் பெயருடன் 'தமிழ்ப்பள்ளி' என்று தேடச் சொல்லிப் பாருங்கள். என்ன வந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.