சிங்கிள் ஆரிஜின் காபி குடிச்சா தூக்கம் கெடாதா?

"சிங்கிள் ஆரிஜினுக்கு மாறிட்டேன் டாக்டர், இனி எத்தனை காபி வேணா குடிக்கலாம்ல?" ஓபியில் இப்ப இதையும் கேட்கிறார்கள்.

மக்களே, ஒரே பகுதியில் அல்லது ஒரே எஸ்டேட்டில் விளைந்த கொட்டை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏற்காடு என்றால் ஏற்காடு மட்டும். ருசி மாறும், சந்தேகமே இல்லை. (எனக்கும் பிடிக்கும்.)

காஃபீன் அளவு தெரியணும்னா அராபிகாவா, ரொபஸ்டாவா என்று பாருங்க. ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கரியில் காஃபீனே கிடையாது. அதனால் சிக்கரி கலந்த பொடியை விட்டுட்டு 'ப்யூர்' காபிக்கு மாறினா, அதே ரெண்டு ஸ்பூனில் காஃபீன் கூடத்தான் செய்யும்.

உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். அவங்க நாளைக்கு 200 மி.கி.க்குள் நிறுத்திக்கணும், எந்த மலைக் காபியா இருந்தாலும்.