மாலையோடு முடிவதா நினைவு?



நவம்பர் மாதம் மரித்தோரின் மாதம். கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் காத்திருக்கும் நாள்கள் இவை. இரண்டாம் நாள் நிகழும் கல்லறைத் திருநாளுக்கென நம் இல்லங்களில் மரித்தோரின் பெயர்ப்பட்டியல் எழுதப்படுகிறது. தாத்தா, பாட்டி, பெரியப்பா, இளமையிலேயே போன தங்கை என்று பட்டியல் நீளும்போது, நம் உள்ளத்தில் வேறு சில முகங்களும் எழுவதுண்டு. அவர்கள் நம் உறவினர் அல்லர். ஆயினும் வானொலியின் வழியாகவும் திரையின் வழியாகவும் பல்லாண்டுக் காலம் நம் வீட்டுக் கூடத்தில் வீற்றிருந்தவர்கள். நம்மைச் சிரிக்க வைத்தவர்கள். நம் துயரில் பாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் மறைந்தபோது அண்டை வீட்டில் சாவு விழுந்தாற்போல் நாம் கலங்கினோம். அக்கலக்கம் இரண்டு நாள்களில் தணிந்தும் போயிற்று.

அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாதேனும் உண்டா? உண்டென்றால், படத்துக்கு மாலையிட்டு, பழைய பாடலை மீண்டும் ஒருமுறை கேட்டவுடன் அக்கடன் தீர்ந்துவிடுகிறதா? இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

முதற்கடன்: வேண்டுதல்

2020-ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோய் நாட்டை ஆட்டிப் படைத்த காலம். பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் சென்னை மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 20-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு அனைவரும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே அவருக்காக மன்றாடுமாறு திரையுலகினர் அழைப்பு விடுத்தனர். மருத்துவமனையின் வாயிலில் மக்கள் மெழுகுதிரி ஏந்தி நின்றனர். இந்துக்களும் இசுலாமியரும் கிறிஸ்தவர்களும் ஒரே வேளையில் ஒரே மனிதருக்காகக் கைகூப்பினர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, நான்கு மொழிகளில் ஆறு முறை தேசிய விருது பெற்றவர் அவர். நம் ஆண்டவரைப் போற்றும் பாடல்களையும் பாடியவர். செப்டம்பர் 25-ஆம் நாள், தமது 74-ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

வேண்டுதல் பலிக்கவில்லையே என்று பலர் சோர்ந்தனர். நோயுற்றவருக்காக அவ்வளவு உருக்கமாக மன்றாடிய நாம், அவர் இறந்த மறுநாளே மன்றாட்டை நிறுத்திவிட்டோமே, அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். சாவோடு மன்றாட்டு முடிந்துவிடுவதில்லை என்பதன்றோ நம் விசுவாசம்! போரில் மடிந்த தம் வீரர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதா மக்கபே ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளிக் காசுகளைத் தண்டல் செய்து எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூலில் நாம் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மீண்டும் எழுவார்கள் என்ற நம்பிக்கையே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது.

"அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லரே, அவருக்காக வேண்டலாமா?" என்று சிலர் தயங்குவர். தயக்கம் வேண்டுவதில்லை. திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில், இறைவன் ஒருவரே அறிந்திருக்கும் விசுவாசத்தோடு மரித்தவர்களையும் திருச்சபை நினைவுகூர்கிறது. தம் குற்றமின்றியே கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழி நடப்போர் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் தெளிவாக உரைத்தது. ஆகவே, நம் பட்டியலின் அடியில் அவர்கள் பெயரையும் எழுதலாம்; கூச்சமின்றி எழுதலாம்.

இரண்டாம் கடன்: நாவடக்கம்

நகைச்சுவை நடிகர் விவேக் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், தமது 59-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் அரசு மருத்துவமனைக்குச் சென்று, எல்லோரும் காணக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் அச்சம் நீங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அவர் மறைந்ததும் நடந்தது என்ன? தடுப்பூசியே அவர் உயிரைக் குடித்தது என்ற வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் அன்றே கூறினர். அவர் மறைவுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று பின்னர் ஆராய்ந்த குழுவும் அறிவித்தது. ஆனால், வதந்தியைப் பரப்பிய கைப்பேசிகள் உண்மையைப் பரப்ப அத்துணை விரைவு காட்டவில்லை. எந்த அச்சத்தைப் போக்க அவர் முன்வந்தாரோ, அந்த அச்சத்தை வளர்க்கவே அவருடைய சாவு கருவியாக்கப்பட்டது.

புகழ்பெற்றோர் இறந்தால் அவர்கள் குடும்பத்துச் சண்டை, சொத்துக் கணக்கு, பழைய காதல் கதை எனக் கிளறிப் பார்க்கும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. மறுமொழி சொல்ல இயலாதவரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கூச்சம்கூட இருப்பதில்லை. பத்துக் கட்டளைகளில் எட்டாவது கட்டளை உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. இறந்தவருக்கும் நற்பெயர் உண்டு. அதைக் காத்து நிற்கும் மனைவியும் மக்களும் உண்டு. ஐயத்துக்கிடமான செய்தி ஒன்று நம் கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாது அவ்விடத்திலேயே அழித்துவிடுவதும் ஓர் அறச்செயலே. அதற்குக் காசு செலவில்லை.

மூன்றாம் கடன்: செயல்

இறுதி இராவுணவின்போது அப்பத்தையும் இரசத்தையும் சீடர்களிடம் அளித்த ஆண்டவர், தம்மை மனத்தில் நினைத்துக்கொள்ளுமாறு மட்டும் கேட்கவில்லை. தம் நினைவாக ஒன்றைச் செய்யுமாறு பணித்தார். நம் மறையில் நினைவு என்பது வெறும் எண்ணமன்று, செயல். திருப்பலியில் நாள்தோறும் இதைக் கற்கும் நாம், மரித்தோர் நினைவிலும் இதைக் கடைப்பிடிக்க வேண்டாவா?

விவேக்கையே எடுத்துக்கொள்வோம். அப்துல் கலாம் அவர்களின் தூண்டுதலால் ஒரு கோடி மரக்கன்றுகளை நடுவதென அவர் உறுதி பூண்டார். 2015-ஆம் ஆண்டில் தம் 13 வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அந்தப் பெருந்துயரும் அவருடைய பணியை நிறுத்திவிடவில்லை. மறையும்வரை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டிருந்தன. எஞ்சியவை நம் கடன். நம் பங்கின் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் நிழலுக்கு ஒரு மரமில்லை. அடக்கச் சடங்குக்கு வரும் முதியோர் வெயிலில் நின்று வாடுகின்றனர். இந்த மழைக்காலத்தில் அங்கே ஒரு வேம்பையோ புங்கையோ நட்டு, அடுத்த கோடைவரை தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்தால், அதுவே அவருக்கு உகந்த அஞ்சலி.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மறைந்த விஜயகாந்தைப் பற்றி, அவரோடு பணியாற்றியோர் மீண்டும் மீண்டும் கூறியது ஒன்றே: படப்பிடிப்பில் தமக்குப் பரிமாறப்படும் உணவே விளக்குப் பிடிக்கும் தொழிலாளிக்கும் பரிமாறப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாய் இருந்தார். அரசியலில் அவருடன் உடன்பட்டவரும் உண்டு, முரண்பட்டவரும் உண்டு. பசித்தவனை ஒருபந்தியில் அமர்த்திய அந்தக் கையை மறுப்பார் எவருமிலர். நம் இல்லத் திருமணங்களில் சமையல்காரருக்கும் பந்தல் போடுபவருக்கும் எப்போது, எங்கே இலை போடப்படுகிறது? விருந்தினர் எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படி ஓரத்தில் மிஞ்சியதுதானே! அவரை நினைப்பவர்கள் இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டட்டும்.

மூடியிருந்த ஒரு கதவு

பாடகி வாணி ஜெயராமின் மறைவு நம் நெஞ்சைத் தைக்க வேண்டிய ஒன்று. வேலூரில் பிறந்து, வங்கிப் பணியை விட்டு இசைக்கு வந்து, 1971-இல் வெளிவந்த 'குட்டி' என்ற இந்திப் படத்தினால் நாடெங்கும் அறியப்பட்டு, மூன்று முறை தேசிய விருது பெற்றவர். 2023-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. விருதைக் கையில் வாங்கும் முன்னரே, பிப்ரவரி 4-ஆம் நாள், சென்னையில் தம் இல்லத்தில் அவர் இறந்து கிடந்தார். 2018-ஆம் ஆண்டில் கணவரை இழந்தபின், பிள்ளைகள் இல்லாத அவர் தனியே வாழ்ந்து வந்தார். வழக்கம்போல் வேலைக்கு வந்த பணிப்பெண் கதவைத் தட்டியும் திறப்பார் இல்லாதபோதுதான் செய்தி வெளியே தெரிந்தது. தவறி விழுந்து தலையில் அடிபட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

பத்து நாள்களுக்கு முன் நாடே பாராட்டிய ஒருவர், விழுந்தபோது கைகொடுத்துத் தூக்க அருகில் ஆள் இல்லை. அவருக்கேனும் கதவைத் தட்ட ஒரு பணிப்பெண் இருந்தார். நம் பங்கிலே, பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் கைம்பெண்கள் எத்தனை பேர்? ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மனைவியை இழந்த முதியவர்கள் எத்தனை பேர்? ஞாயிறு திருப்பலிக்கு வழக்கமாய் வரும் பாட்டி ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் அதைக் கவனிப்பவர் நம்முள் யார்? மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரந்தோறும் இல்லங்களைச் சந்திக்கின்றனர். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட எந்தச் சபையிலும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. மாலையில் ஐந்து நிமிடம், "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்ற ஒரு கேள்வி, போதும்.

ஒரு பெயர் மட்டும்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், பாஸ்குத் திங்களன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். முந்திய வியாழனன்று உரோமையின் சிறைச்சாலை ஒன்றுக்குச் சென்று கைதிகளைச் சந்தித்தார். உயிர்ப்பு ஞாயிறன்று மக்களுக்கு ஆசி வழங்கினார். திருத்தந்தையருக்கு வழக்கமாயிருந்த மூன்றடுக்குப் பெட்டிக்குப் பதிலாக ஒரே மரப்பெட்டி. புனித மரியா பெருங்கோவிலில் தரையோடு ஓர் எளிய கல்லறை. அதன்மேல் இலத்தீனில் அவர் பெயர் மட்டுமே. அக்கோவில் படிக்கட்டில் அவர் உடலை வரவேற்று வழியனுப்ப நின்றவர்கள் வெண்மலர் ஏந்திய ஏழைகளும் வீடற்றோரும் குடிபெயர்ந்தோரும் ஆவர்.

இதை வாசிக்கும் நாம் நம் ஊரின் சாவு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். தெரு முழுதும் படத் தட்டிகள், வெடிச்சத்தம், கடன் வாங்கிக் கட்டும் பளிங்குக் கல்லறை. உயிரோடிருந்தபோது மருந்து வாங்கித் தராத மகன், இறந்தபின் பட்டுத்துணி போர்த்துகிறான். இறந்தவரின் ஆன்மாவுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அச்செலவில் ஒரு பகுதியை ஏழை மாணவி ஒருத்தியின் படிப்புக்கு அளித்து, இறந்தவர் கருத்துக்காக ஒரு திருப்பலியும் ஒப்புக்கொடுத்தால், உத்தரிக்கும் தலத்திலுள்ள ஆன்மா மகிழாதா?

வாசகர்களே! நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டுவோர், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை உட்கொண்டு, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபித்தால், உத்தரிக்கும் ஆன்மாக்களுக்கு ஒரு பரிபூரணப் பலனைப் பெற்றுத் தரலாம் என்று திருச்சபை வழிகாட்டுகிறது. குடும்பத்தோடு செல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னோரின் கல்லறைகளைக் காட்டி, அவர்கள் செய்த நன்மைகளை எடுத்துரையுங்கள். பெயர்கூட அழிந்துபோன கல்லறை ஒன்றிருந்தால் அதற்கும் ஒரு திரி ஏற்றி வாருங்கள்.

அன்றிரவு செபமாலை முடிந்ததும், நம்மைப் பாடவைத்தவர்களையும் சிரிக்க வைத்தவர்களையும் பெயர் சொல்லி நினைத்து இளைப்பாற்றி மன்றாட்டைச் சொல்லுங்கள். மறுநாள் மாலை, நம் தெருவில் தனித்திருப்பவர் எவரோ, அவர் கதவைத் தட்டுங்கள். இறைவன் மரித்தோர்க்கு நித்திய இளைப்பாறுதலும், நமக்கு அவர்தம் நற்பணியைத் தொடரும் மனமும் அருள்வாராக!