கல்லூரி வாசல்வரை வரட்டும் பயணச் சலுகை

கேத்தி பாலாடாவில் காலை நேரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களை ஒருமுறை பார்த்தால் போதும், இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்குள் என்ன மாறியிருக்கிறது என்பது புரியும். கேரட் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு பக்கம். தோளில் பையுடன் உதகைக்கும் குன்னூருக்கும் கல்லூரிக்குப் போகும் அவர்களுடைய பிள்ளைகள் மறுபக்கம். அந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள்.

நீலகிரியில் இது சிறு கூட்டத்தின் கதையல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் இதில் அடங்கும். தோட்டத்து லைன் வீட்டிலிருந்தும் பள்ளத்தாக்குக் குடியிருப்பிலிருந்தும் ஒரு பிள்ளை பட்டப்படிப்பை முடிக்குமா என்பதைப் பல நேரங்களில் பாடப்புத்தகம் தீர்மானிப்பதில்லை, பேருந்துதான் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் மாணவர் பயணச் சலுகை புதிதல்ல. பள்ளி மாணவர்களுக்கு இலவசம். அரசு கலைக்கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இலவசம். தனியார் கல்லூரி மாணவர் என்றால் பாதிக் கட்டணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். நம்முடைய முதல் கேள்வி இந்தப் பாதிக் கட்டணத்தைப் பற்றியதுதான்.

தனியார் கல்லூரியில் படிப்பவர் என்றால் வசதியானவர் என்று இந்த விதி எடுத்துக்கொள்கிறது. மலையில் நிலைமை அப்படியல்ல. அரசுக் கல்லூரிகள் இங்கே விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக்கல்லூரியில் விரும்பிய பாடம் கிடைக்காத பிள்ளை, அருகிலிருக்கும் தனியார் கல்லூரியில் சேர்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வழியாகக் கட்டணப் பொறுப்பை அரசே ஏற்கிறது. அதாவது கல்லூரி அலுவலகத்தில் அவர் அரசு உதவி பெறும் ஏழைத் தலித் மாணவர். பேருந்தில் ஏறியதும் தனியார் கல்லூரி மாணவர் ஆகிவிடுகிறார்! ஒரே அரசு, ஒரே மாணவர், இரண்டு கணக்கு.

உதவித்தொகையிலிருந்து பேருந்துக் கட்டணத்தைச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட விதிகளின்படி, விடுதியில் தங்காமல் கலை, அறிவியல் பட்டப்படிப்பு படிக்கும் மாணவருக்குக் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250 ரூபாய் ஆகிறது. போக வர நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறேழு நாளில் அது தீர்ந்துவிடும். அந்தப் பணமும் மாதாமாதம் கைக்கு வருவதில்லை. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று கொடுத்த பணத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் டிக்கெட்டுக்கு வாங்கிக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது?

மாணவிகளுக்கு 2021 மே மாதத்தில் தொடங்கிய விடியல் பயணம் இருக்கிறது. மலை மாவட்டமான நமக்கு அது வந்து சேர 2024 ஆனது. தாமதமானாலும் வந்ததை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். அது சாதாரணக் கட்டணப் பேருந்துக்கு மட்டும்தான். மாலையில் அந்தப் பேருந்து வராவிட்டால் அடுத்து வருவதில் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும்.

மினி பஸ் விஷயம் இன்னும் சிக்கலானது. உதகை – குன்னூர் பிரதான சாலையில் எல்லநள்ளிக்கு ஏறி வந்துவிட்டால் அரசுப் பேருந்து அடிக்கடி கிடைக்கும். பள்ளத்தாக்கின் உள்ளூர்ச் சாலைகளில் நிலை வேறு. தனியார் மினி பஸ் மட்டுமே எட்டிப் பார்க்கும் ஊர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. அரசு கொடுத்த பயண அட்டைக்கு அங்கே மதிப்பில்லை. எனவே இலவச அட்டை வைத்திருக்கும் அரசுக் கல்லூரி மாணவரும் தினமும் காசு எண்ண வேண்டியிருக்கிறது, அல்லது நடக்க வேண்டியிருக்கிறது. நடப்பது என்றால் சமவெளியில் நடப்பது போலல்ல. மழையும் மூடுபனியும் ஒருபுறம், அந்தி நேரத்தில் தேயிலைக்குள்ளிருந்து வந்து நிற்கும் காட்டெருமை மறுபுறம். மகளை இருட்டில் தனியாக நடக்கவிட அஞ்சும் தாய் என்ன முடிவெடுப்பார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம். கூடலூர், பந்தலூர் வாசகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கேரளத்தில் தனியார் பேருந்துகளும் மாணவர்களைச் சலுகைக் கட்டணத்தில் ஏற்றித்தான் ஆக வேண்டும். 2022-இல் பொதுக் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் மாணவரின் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ரூபாயாகவே விடப்பட்டது. பேருந்து உரிமையாளர்கள் முணுமுணுக்கிறார்கள், வேலைநிறுத்தம்கூடச் செய்கிறார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம். இழப்பை உரிமையாளர் தலையில் மட்டும் கட்டாமல் அரசு பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் செய்யலாம். நிபந்தனையே வேண்டாம் என்பது அதற்குப் பதிலாகாது. பொதுச் சாலையில் அரசு தரும் பெர்மிட்டில் ஓடும் வண்டிக்கு நிபந்தனை விதிக்க அரசுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையைத் தமிழ்நாடு முன்பே பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டோம் என்று பேருந்து முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்றார். அதற்குப் பிறகு வண்டிகள் ஏற்றிக்கொண்டன. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக 1901-இல் தந்தையைப் பார்க்கக் கிளம்பி, மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டிக்காரர் ஏற்ற மறுத்ததால், இரட்டிப்புக் கூலி கொடுத்தும் பிள்ளைகளே வண்டியை ஓட்டிச் செல்ல நேர்ந்ததை மாணவர்கள் பலரும் படித்திருப்பார்கள். நம் மக்களுக்குப் பயணம் என்பது எந்நாளும் வெறும் கட்டண விவகாரமாக இருந்ததில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டதை எப்படி மறப்பது?

இந்த மலைக்கும் ஒரு பாரம்பரியம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பரில் மாநாடு கூட்டியது நீலகிரியில்தான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், படிப்புக்கு உதவித்தொகை, படித்தவர்களுக்கு வேலை என்று அன்றைய அரசிடம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியாகவே இன்று பேருந்து அட்டையைக் கேட்கிறோம்.

ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு பயணச்சீட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சேர்ந்த எல்லோரிடமும் அது இருக்கும். எல்லோரிடமும் கட்டாயமாகப் பணம் வாங்கும் அந்த முறை நமக்குப் பொருந்தாது. சேர்க்கையோடு அட்டையும் கைக்கு வருவது மட்டும் பொருந்தும். புதிய அட்டை வரும்வரை பழைய அட்டையையோ கல்லூரி அடையாள அட்டையையோ காட்டிப் பயணிக்கலாம் என்று கல்வியாண்டுத் தொடக்கத்தில் நம் அரசு அறிவிக்கிறது. நல்லதுதான். முதலாமாண்டு மாணவரிடம் பழைய அட்டை ஏது? கல்லூரி அடையாள அட்டையும் சேர்ந்த அன்றே கிடைப்பதில்லை. நடத்துநரோடு வாக்குவாதம் செய்யக் கூச்சப்படும் கிராமத்துப் பிள்ளை பேசாமல் டிக்கெட் எடுத்துவிடும்.

ஆகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறும் மாணவர் எந்தக் கல்லூரியில் படித்தாலும் முழு இலவச அட்டை தரப்பட வேண்டும். அதே வருமான வரம்புக்குள் வரும் பிற வகுப்பு ஏழை மாணவர்களுக்கும் கொடுங்கள், நமக்கு மகிழ்ச்சிதான். போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறதே என்ற பதில் இங்கே செல்லாது. மாணவர் சலுகைக்கான தொகையைக் கழகத்துக்கு அரசு ஈடு செய்கிறது. தலித் மாணவர்களுக்கான கூடுதல் செலவுக்கு, 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. பொதுத் திட்டங்களின் செலவையெல்லாம் ஆதிதிராவிடர் நிதிக் கணக்கில் எழுதுகிறார்கள் என்ற பழைய புகாருக்கு இடம் கொடுக்காமல், இப்படி நேரடியாகப் பயன்படும் ஒன்றுக்குச் செலவிடலாமே.

மினி பஸ் பெர்மிட் புதுப்பிக்கப்படும்போது மாணவர் அட்டையை ஏற்கும் நிபந்தனையைச் சேர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. மாலைப் பேருந்து நேரத்தைச் சரிசெய்ய அரசாணைகூடத் தேவையில்லை. கல்லூரி விடும் நேரத்தை முதல்வர்களிடம் கேட்டு, கேத்தி, பாலாடா வழித்தடங்களின் அட்டவணையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மாணவர்களும் தங்கள் ஊரில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எது வருவதில்லை என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.