‘ஜூம் பண்ணு… இன்னும் ஜூம்!’ - நிஜ கேமராவில் ஏன் அது நடக்காது?

க்ரைம் சீரியலோ, வெப் சீரிஸோ, இந்தக் காட்சி இல்லாமல் இருக்காது. இருட்டில் ஒரு பைக் போகும். “ஜூம் பண்ணு” என்பார் இன்ஸ்பெக்டர். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் கீபோர்டில் நாலு தட்டு தட்டுவார் (மவுஸை மட்டும் யாரும் தொடவே மாட்டார்கள்). மங்கலான கட்டங்கள் தெளிந்து, நம்பர் பிளேட் பளிச்சென்று வந்து நிற்கும். டீ ஆறுவதற்குள் டிஎன்ஏ ரிப்போர்ட்டும் வந்துவிடும். 1998-ல் தொடங்கிய இந்தி ‘சிஐடி’, 2000-ல் தொடங்கிய அமெரிக்க ‘சிஎஸ்ஐ’ காலத்திலிருந்து நாம் பார்த்துப் பழகிய வித்தை இது.

நிஜத்தில் என்ன ஆகும்? திண்டுக்கல் - பழநி சாலையில் இருக்கும் ரெட்டியார்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சாலையோரக் கடை ஒன்றில் ஃபுல் ஹெச்டி கேமரா மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அகலம் 1920 பிக்சல். கடை வாசலும் சாலையும் சேர்த்து 20 மீட்டர் அகலம் தெரிகிறது என்றால், ஒரு மீட்டருக்கு 96 பிக்சல். மனித முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ. ஆக, ஒரு முகத்துக்குக் கிடைப்பது குறுக்குவாட்டில் 15 பிக்சல்தான். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது சிசிடிவிக்கான சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு. இது பகல் வெளிச்சக் கணக்கு. ராத்திரியில் ஹெட்லைட் கூச்சமும் லென்ஸில் படிந்த தூசியும் சேர்ந்தால் அதுவும் போச்சு. ஜூம் பண்ணினால் அதே 15 கட்டங்கள் பெரிசாகத் தெரியும், அவ்வளவுதான்.

“அதான் இப்போ ஏஐ இருக்கே?” என்று கேட்கலாம். மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் ‘பல்ஸ்’ என்ற கருவியை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. படத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பொருத்தமாக ஒன்றை வரைந்து தரலாம். வழக்கில் அப்படி வரையப்படும் முகம் வேறு யாருடையதாகவோ இருக்கலாம்.

கதைதானே, விட்டுவிடலாமே என்றால், வேகத்தைப் பொறுத்தவரை நானும் விட்டுவிடுவேன். ஆய்வகத்தில் நாட்களோ, வழக்குகள் குவிந்தால் மாதங்களோ ஆவதை 40 நிமிட எபிசோடில் காட்ட முடியாது. ஆனால் தடயம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதை இந்தக் கதைகள் மொத்தமாக மறைத்துவிடுகின்றன. நிஜ வழக்குகள் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

பக்கத்து மாவட்டத்து உதாரணமே இருக்கிறது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்டது. கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. டிஎன்ஏ பொருந்தியது முக்கிய சாட்சியம். சீரியலாக இருந்தால் அந்த இடத்திலேயே டைட்டில் மியூசிக் போட்டிருப்பார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எடுத்த மாதிரிகள் ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மாசு கலந்திருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியவில்லை. அதே தீர்ப்பில், டிஎன்ஏ மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. ஒருவர் தூக்குக் கயிற்றின் நிழலில் பல வருடம் இருந்திருக்கிறார். கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களுக்கோ 14 வருடம் கழித்தும் விடை இல்லை.

அமெரிக்காவில் இதை ‘சிஎஸ்ஐ எஃபெக்ட்’ என்பார்கள். டிவி பார்த்துப் பழகிய ஜூரிகள் எல்லா வழக்கிலும் லேப் ரிப்போர்ட்டை எதிர்பார்க்கிறார்கள் என்பது அங்குள்ள அரசு வழக்கறிஞர்களின் புகார். இங்கே ஜூரி கிடையாது. ஆனால் ‘டிஎன்ஏ மேட்ச்’ என்று நோட்டிஃபிகேஷன் வந்ததுமே வாட்ஸ்அப் குரூப்பில் நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மாதிரி ஸ்டேஷனில் எத்தனை நாள் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேமரா விஷயமும் இதேதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை - மகன் காவல் மரணத்தை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் என்ன கண்டார்? ஸ்டேஷன் சிசிடிவியின் ஹார்ட் டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் இருந்தது. இங்கே எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை. வேறொரு வழக்கில், அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

உங்கள் பைக் ரெட்டியார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் திருடு போனால், ஜூமை நம்பாதீர்கள். கடை டிவிஆரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதுசு எழுதப்படும். அதனால் அன்றைக்கே போய், அந்த நேரத்துப் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லிவிட்டு, போலீஸிடமும் அதைச் சொல்லுங்கள். செல்போனில் டிவி திரையைப் படம்பிடித்து அனுப்பும் வீடியோ துப்புக்கு உதவலாம், கோர்ட்டில் தடுமாறும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-வது பிரிவின்படி, டிஜிட்டல் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ‘ஹாஷ்’ எண் இருக்க வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரி அது. ஒரு ஃப்ரேம் மாறினாலும் எண் மாறிவிடும். அப்படியே, டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.